கடைமடைக்குத் தண்ணி தானா வராது

போன வாரம் சம்பா வயலில் களை பறித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வயல்காரர் எனக்குச் சித்தப்பா முறை. வரப்பில் நின்றுகொண்டு போனை வாய்க்கு நேரே பிடித்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மகள் வீட்டுக்குப் பேசுகிறார் போல என்று நினைத்தேன். கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது, மனுஷன் தேடிக்கொண்டிருக்கிறார்.

"பயிரு வெங்காயத்தாள் மாதிரி வருது. என்ன செய்யணும்?"

போன் மரியாதையாகத்தான் பதில் சொன்னது. சின்ன வெங்காயத்துக்குப் பார் எப்படிப் பிடிக்க வேண்டும், அடியுரம் எவ்வளவு போட வேண்டும் என்று வரிசையாக வந்து விழுந்தது.

"ஏந் தம்பி, நான் கேக்குறது என்ன, இது சொல்றது என்ன?" என்று போனை என்னிடம் நீட்டினார்.

நகரத்து நண்பர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நெல்லில் ஆனைக்கொம்பன் என்று ஒரு பூச்சி உண்டு. கொசு மாதிரி சின்ன ஈ. அதன் புழு குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் இலை விரியாது. வெங்காயத்தாள் போலக் குழலாக வெளியே வரும். அந்தத் தூரில் கதிர் வராது. கண்ணுக்குத் தெரியும்போது அந்தத் தூர் போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை. புத்தகத்தில் ஆனைக்கொம்பன் ஈ என்று போட்டிருக்கும். வயலில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிவது வெங்காயத்தாள்தான். அதனால் அப்படித்தான் கேட்பார்.

சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த பிறகு சுருக்கென்றது. இதைப் பற்றி நானே எழுதியிருக்கிறேனே! ரெண்டு வருஷம் முன்னாடி என் வயலில் வந்தபோது, படம் எடுத்துப் போட்டு, எந்த வயலில் முதலில் வந்தது, யூரியா அதிகம் போட்ட பக்கத்தில் எப்படி இருந்தது, நான் செய்த தப்பு என்ன என்று பூராவும் எழுதி வைத்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு வேண்டிய பதில் அதில் இருக்கிறது. அவர் நிற்கிற வரப்பிலிருந்து நூறு அடி தள்ளி நடந்த கதை அது.

அந்தக் கட்டுரைக்கு நான் வைத்த தலைப்பு, 'பசுமைக்குள் ஒளிந்த பகை'.

வைக்கும்போது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் எந்தச் சித்தப்பாவும் வரப்பில் நின்றுகொண்டு பசுமைக்குள் ஒளிந்த பகையைப் பற்றிப் போனிடம் கேட்க மாட்டார்.

இன்றைக்கு எழுதப் போவது இதைப் பற்றித்தான். வயலைப் பற்றி எழுதச் சொன்னால் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். ரெண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

நான் இருப்பது பேராவூரணி பக்கம். தஞ்சாவூர் மாவட்டம்தான், ஆனால் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகும். அங்கிருந்து கல்லணைக் கால்வாய் வழியாக, நாங்கள் புது ஆறு என்று சொல்வோம், ஒரத்தநாடு பட்டுக்கோட்டை எல்லாம் தாண்டி, கிளை வாய்க்காலில் பிரிந்து எங்களுக்கு வர வேண்டும். கல்லணையில் பூத்தூவித் தண்ணீர் திறப்பதை டிவியில் பார்த்துவிட்டு வெளியே வந்தால், எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். கடைமடைக்காரனுக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான். தண்ணி தானா வராது. தூர் வாரணும். ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போடணும். மேலே யாராவது மதகில் பலகை போட்டு மறித்திருக்கிறானா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கணும். வாய்க்காலைச் சுத்தம் பண்ணுகிறவனைப் பார்த்து 'விளம்பரம் தேடுறான்' என்று யாரும் சொல்வதில்லை.

எழுத்துக்கும் அப்படித்தான் என்பது என் கட்சி. கிராமத்திலிருந்து எழுதுகிற எங்களுக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. நல்லா எழுதினா தேடி வருவாங்க, நாம எதுக்குக் கூவிக் கூவி விக்கணும் என்று நானும் பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தேடி வரத்தான் செய்தார்கள். அவர்கள் தேடின வார்த்தை என் எழுத்தில் இல்லை, அவ்வளவுதான்.

முன்பு இந்தச் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. 1994-ல் தொடங்கிய யாகூ பட்டியலில் மனுஷங்களே உட்கார்ந்து தளங்களைப் பார்த்து, வகை பிரித்து அடுக்குவார்கள். தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றுகிற மாதிரி, மனுப் போட்டுக் காத்திருக்கணும். வியாபாரத் தளம் என்றால் பரிசீலிக்கவே வருஷத்துக்கு 299 டாலர் கட்டணும். 2014 கடைசியில் அந்தக் கடையைச் சாத்திவிட்டார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு 2004-ல் தமிழ்மணம் வந்தது. காசி ஆறுமுகம் தொடங்கியது. யார் புதிதாக எழுதினாலும் அங்கே பட்டியலில் வரும். வாரத்துக்கு ஒருவரை நட்சத்திரம் என்று முன்னால் உட்கார வைப்பார்கள். சிங்கப்பூரில் இருக்கிறவரும் சேதுபாவாசத்திரத்தில் இருக்கிறவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்த காலம் அது. திண்ணை என்றால் சண்டையும் இருக்கும், இருந்தது. ஆனால் எழுதிய எழுத்தை நாலு பேர் கண்ணில் காட்ட ஒரு இடம் இருந்தது. அப்புறம் கூகுள் ரீடர். பிடித்தவர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவர்கள் எழுத எழுதப் படிக்கலாம். 2013 ஜூலை 1-ஆம் தேதி அதையும் மூடினார்கள். ஆட்கள் முகநூலுக்குக் குடி போனார்கள். திண்ணை காலியானது. என்னைப் போல் தனியாக எழுதுகிறவனுக்கு மிஞ்சிய வழி, அந்தத் தேடல் பெட்டி.

இருக்கிறது ஒரே மதகு என்றால் அது எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்றாவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா? அறுப்பு முடிந்து சும்மா இருக்கிற ரெண்டு கோடையில் உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்ததை எங்கள் பாஷையில் சொல்கிறேன்.

கூகுளின் நிரல் ஒன்று பக்கம் பக்கமாக ஊர்ந்து போகிறது. ஒரு பக்கத்தில் இருக்கிற சுட்டியைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகும். போன இடத்தையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளும். யாராவது கேட்டால் அந்தக் குறிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். யாரை முதலில் காட்டுவது என்பதற்கு இப்போது ஏகப்பட்ட கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆதிக் கணக்கு, லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோதே வைத்திருந்தது. உன் பக்கத்தை எத்தனை பேர் சுட்டிக் காட்டுகிறார்கள், காட்டுகிறவர்கள் யார் யார்? ஊரில் பெண் கொடுப்பதற்கு முன்னால் நாலு பேரிடம் விசாரிப்போம் இல்லையா, அதுதான். அந்த நாலு பேரில் பெரிய மனுஷர் ஒருவர் நல்ல வார்த்தை சொன்னால் அதற்குக் கூடுதல் மதிப்பு.

இதைத் தெரிந்துகொள்ள அவர்களே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். சர்ச் கன்சோல் என்று பெயர். 2015 வரைக்கும் வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று சொன்னார்கள். காசு கிடையாது. இந்தப் பக்கம் என்னுடையதுதான் என்று நிரூபித்துவிட்டால், என்ன வார்த்தை போட்டுத் தேடியபோது என் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனாவது இடத்தில் இருந்தேன் என்று 16 மாதக் கணக்கைக் காட்டும். எனக்கு அது மண் பரிசோதனை அட்டை மாதிரி. மண்ணில் என்ன குறை என்று தெரியாமல் உரம் கொட்டிக்கொண்டிருந்தவன் முதல்முறை அட்டையைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

முதலில் கண்ணில் பட்டது எழுத்துப் பிழை. என்னுடையது இல்லை, தேடுகிறவர்களுடையது. நான் 'குறுவை' என்று எழுதுவேன். அதுதான் சரி. ஆனால் 'குருவை' என்று தட்டுகிறவர்கள் நிறையப் பேர். தாளடியை 'தாலடி' என்கிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களும் உண்டு. தேடுபொறி பாதியைப் புரிந்துகொள்கிறது, பாதியில் தடுமாறுகிறது. அதனால் இப்போதெல்லாம் கட்டுரையில் ஓரிடத்தில் 'குருவை என்றும் சிலர் எழுதுகிறார்கள்' என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன். எனக்குப் பத்தாவதில் தமிழ் எடுத்த ஐயா பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். ஐயா, தப்பாகக் கேட்கிறவனுக்கும் பசிக்கும் இல்லையா என்றேன்.

ரெண்டாவது, முகவரி. பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் அந்தத் தமிழ் எழுத்து பக்கத்தின் முகவரியில் ஏறாது. 'பிளாக் போஸ்ட்' என்று போட்டு ஒரு நம்பர் வரும். அந்த அமைப்பு அப்படி. வெளியிடுவதற்கு முன்பு நாமே முகவரி எழுதிக்கொள்ள அங்கேயே இடம் இருக்கிறது. அதைப் பார்க்காதது என் குற்றம். வருஷக் கணக்கில் என் கட்டுரைகள் ரகம் எழுதாத நெல் மூட்டை மாதிரி வெறும் நம்பரோடு கிடந்தன. வெளியிட்ட பிறகு மாற்றலாம் என்று மட்டும் போய்விடாதீர்கள். முன்பே யாராவது சேமித்து வைத்த பழைய சுட்டி செத்துப்போகும்.

மூணாவது, படம். நான் போட்ட பூச்சிப் படங்களுக்கெல்லாம் கேமரா வைத்த நம்பர்தான் பெயர். படத்துக்கு ஒரு பெயரும், கண் தெரியாதவருக்குப் படித்துச் சொல்ல ஒரு வரி விளக்கமும் சேர்க்கலாம். அந்த ஒரு வரியைத் தேடுபொறியும் படிக்கும். கண் தெரியாதவருக்குச் செய்கிற உதவி நமக்கும் உதவியாகத் திரும்பி வருகிறது.

நாலாவதுதான் முக்கியம். ஊரும் மாதமும். 'நெல் புகையான்' என்று பொதுவாக எழுதினால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தளம் இருக்கிறது, அதில் நல்ல தகவல் இருக்கிறது. அதோடு நான் எதற்குப் போட்டி போட வேண்டும்? என்னிடம் இருப்பது என் வயல். 'பேராவூரணி, சம்பா, கார்த்திகை, ஒரு வாரம் மூடாப்புக்குப் பிறகு புகையான்' என்று எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று எல்லாப் பத்திரிகையும் தினம் போடுகிறது. தண்ணீர் எங்கள் கிளை வாய்க்காலுக்கு வந்து சேர்ந்ததா என்று போடுவது யார்? 120 அடி அணைக்கு ஆயிரம் பேர். கடைசி மதகுக்கு நான் ஒருத்தன்.

இதெல்லாம் வெறும் பெருமைக்கான வேலை என்று நினைத்தால், ஒரு பழைய கதை சொல்கிறேன். இதை நான் இங்கே இதற்கு முன் எழுதியதில்லை.

2018 நவம்பர் 16. விடிவதற்கு முன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் போனது உங்களுக்கே தெரியும். கரண்டு இல்லை, டவர் இல்லை. நாலாம் நாள் நான் பைக்கை எடுத்துக்கொண்டு, மரம் வெட்டி ஒதுக்கின இடமாகப் பார்த்து ஓட்டி, தஞ்சாவூர் டவுனில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். போனை சார்ஜ் போட்டு, அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எந்தெந்த ஊருக்கு ரோடு திறந்திருக்கிறது, எந்த ஊருக்கு இன்னும் யாரும் வரவில்லை, எங்கே தார்ப்பாய் வேண்டும், எங்கே குழந்தைக்குப் பால் பவுடர் வேண்டும் என்று எல்லாம் எழுதினேன். ஆனால் எங்கே எழுதினேன்? நாலாவது பாராவில். முதல் மூணு பாரா என் தோப்பைப் பற்றிய புலம்பல். அப்பா வைத்த மரம், நான் தண்ணீர் ஊற்றிய மரம் என்று. தலைப்பு, 'முறிந்தது மரமல்ல'.

சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நல்ல மனசுக்காரர்கள் வண்டி வண்டியாகச் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மெயின் ரோட்டு ஊர்களில் இறக்கினார்கள். திரும்பத் திரும்ப அங்கேயே இறக்கினார்கள். உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தெருவில் நனைந்த அரிசியைக் காயவைத்துப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். வழி தெரியாத ஊர், இருட்டு, ரோடு மறித்து நிற்கிற ஜனம்.

ரெண்டு மாதம் கழித்து, அப்படி வண்டியில் வந்த தம்பி ஒருத்தர் என் பக்கத்தை எப்படியோ பிடித்துப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "அண்ணே, அன்னைக்கு ராத்திரி பட்டுக்கோட்டைல வண்டிய நிறுத்திட்டு, பேராவூரணி உள்கிராமம் நிவாரணம் வரலைன்னு போட்டுப் போட்டுத் தேடினோம்ணே. டிவி நியூஸாவே வந்துச்சு. நீங்க லிஸ்ட்டே போட்டு வச்சிருக்கீங்க" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

சரியான தலைப்பு வைத்திருந்தால் அந்த வண்டி உள்ளே வந்திருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். புதிதாகப் போட்டதைத் தேடுபொறி எடுத்துக்கொள்ள நேரம் ஆகும், அவர்கள் கண்ணில் படாமலே போயிருக்கலாம். ஆனால் 'பேராவூரணி: நிவாரணம் வராத ஊர்கள், திறந்திருக்கும் ரோடுகள், நவம்பர் 20' என்று எழுத எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது. என் சோகத்தை முன்னால் உட்கார வைத்துவிட்டு ஊரின் தேவையைப் பின்னால் உட்கார வைத்தேன். கவனம் பெறுவது என்றால் சிலருக்கு அது புகழ் சம்பந்தப்பட்டது. எனக்கு அன்றையிலிருந்து அது தார்ப்பாய் சம்பந்தப்பட்டது.

சரி, அப்படியென்றால் தேடுபொறி கேட்கிறதையெல்லாம் எழுதிக்கொடுத்துவிடலாமா? அங்கேதான் நான் பிரேக் போடுகிறேன்.

2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் தமிழ்ப் பக்கங்களுக்கும் வந்தது. அதுவரை தமிழில் எழுதினால் அந்த வழியில் காசு வராது. நானும் விளம்பரம் வைத்தேன், மறைக்கவில்லை. டொமைனுக்குக் கட்டுகிற காசுக்கு உதவுகிறது. அப்போது கருப்புக் கவுனி பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் ஒரு பகுதிக்கு 'கருப்புக் கவுனி நன்மைகள்' என்று தலைப்பு. ஒரே வாரத்தில் அதற்கு வந்த ஆட்கள், அதுவரை நான் எழுதிய எல்லாவற்றுக்கும் வந்த ஆட்களை விட அதிகம். சர்ச் கன்சோலைத் திறந்தால் வரிசையாகக் கவுனி, சர்க்கரை, உடல் எடை. மனசு என்ன சொல்லும்? இன்னொன்று எழுது. பூங்கார் நன்மைகள், மாப்பிள்ளை சம்பா நன்மைகள், காட்டுயானம் நன்மைகள்.

எழுதினேன். ரெண்டு எழுதினேன். மூணாவது எழுதும்போது கவனித்தேன், எனக்குத் தெரியாததை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது, கவுனி நெடுநெடுவென்று வளரும், காற்றடித்தால் சாயும், சாய்ந்தால் மிஷின் அறுப்புக்குக் கஷ்டம், ஆள் வைத்து அறுத்தால் கூலி கட்டாது என்பது. எந்த வியாதிக்கு எந்த அரிசி என்பது டாக்டருக்குத் தெரிந்த சமாச்சாரம். அதை நான் வேறு பக்கத்தைப் பார்த்து எழுதினேன். அவர் இன்னொருவரைப் பார்த்து எழுதியிருப்பார். இன்றைக்கு எந்தப் பாரம்பரிய நெல்லின் பெயரைப் போட்டுத் தேடினாலும் அதே பத்து நன்மைகள், அதே வரிசையில். ரகம் மட்டும் மாறும். நெல்லைக் காட்டி யாரோ எழுதிய எழுத்து, ஆனால் வயலில் கால் வைத்த தடமே இருக்காது. அந்த ரெண்டு கட்டுரையையும் எடுத்துவிட்டேன்.

இதில் நகரத்து நண்பர்களுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்களுக்குப் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே சின்னவீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பம் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்று யூடியூபில் ஆரம்பித்தது. 2021-ல் 1 கோடி பேர் சேர்ந்துவிட்டார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல் அது. முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை. ஒரு கிராமம் பெரிய தளம் ஒன்றைப் பிடித்து உலகத்தின் கண்ணில் படலாம் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே இருக்கிற சாட்சி அவர்கள்தான். யூடியூபும் கூகுளுடையதுதான், 2006-ல் வாங்கியது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கிராமம் சமைக்கிறபோது 1 கோடி பேர் பார்க்கிறார்கள். அதே கிராமம் தண்ணீர் கட்டுகிறபோது, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறபோது எத்தனை பேர் தேடுகிறீர்கள்? நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கொள்முதல் விதி. தை மாதப் பனியில் அது எங்களுக்கு என்ன அர்த்தம் என்று உங்களில் யாராவது போட்டுத் தேடியதுண்டா? தேடல் பெட்டியில் நீங்கள் போடுகிற ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்கு அனுப்புகிற ஆர்டர் மாதிரி. எது போகிறதோ அதைத்தான் விதைப்பார்கள். ஊர் முழுக்க ஒரே ரகம் நட்டால் அந்த வருஷம் விலை என்ன ஆகும், பூச்சி என்ன பண்ணும் என்று விவசாயிக்குத் தெரியும். எழுத்திலும் அதுதான் நடக்கிறது.

அதனால் ரெண்டு காரியம் கேட்கிறேன். காசு செலவு இல்லாதது.

ஒன்று, தமிழில் தேடுங்கள், ஊர்ப் பெயரோடு தேடுங்கள். 'டெல்டா விவசாயம்' என்று இல்லாமல் பாபநாசம் என்று, திருத்துறைப்பூண்டி என்று, வேதாரண்யம் என்று. அப்படிக் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அப்படி எழுதவும் ஆள் வரும்.

ரெண்டு, சுட்டியைக் கொடுங்கள். என் எழுத்து நல்லா இருந்தால் நீங்கள் அதை அப்படியே வெட்டி வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள். அன்பால்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் வாட்ஸ்அப்புக்குள் சுற்றுகிறது எதுவும் தேடுபொறியின் கண்ணுக்குத் தெரியாது. அது மூடின குழாய்க்குள் ஓடுகிற தண்ணீர். அடுத்த வருஷம் வரப்பில் நிற்கிற ஒரு சித்தப்பாவுக்கு அதிலிருந்து ஒரு சொட்டு கிடைக்காது. பெயரும் விழுந்து, ஊரும் விழுந்து, மூணாவது குழுவுக்குப் போகும்போது அது யாரோ எழுதியது ஆகிவிடும். உங்களுக்கென்று ஒரு பக்கம் இருந்தால், நீங்கள் எதையாவது எழுதும்போது கிராமத்தில் எழுதுகிற ஒருவரைச் சுட்டுங்கள். என்னைத்தான் என்று இல்லை. ஆதிக் கணக்கே அதுதான் என்று மேலே சொன்னேன்.

கட்டிமேடு நெல் ஜெயராமனை உங்களுக்குத் தெரியும். 2018 டிசம்பர் 6-ஆம் தேதி, கஜா அடித்து மூணு வாரத்தில் போனார். 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் அவர் விதையை விற்கவில்லை. 2 கிலோ வாங்கிக்கொண்டு போ, விளைவித்து அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடு என்றார். அப்படித்தான் அந்த ரகங்கள் மாவட்டம் மாவட்டமாகப் பரவின. வாங்கினவர் எல்லாரும் தின்றுவிட்டுப் போயிருந்தால் முதல் வருஷத்தோடு முடிந்திருக்கும். எழுத்துக்கும் அதே ஏற்பாட்டை வைத்துக்கொள்வோம். எடுத்துக்கொண்டு போங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைத் திருப்பிக் கொடுங்கள்.

எங்கள் தரப்பிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பினால் ஆகாது என்று டெல்டாக்காரன் ஓரத்தில் ஒரு போர் போட்டு வைத்திருப்பான். யாகூ பட்டியல் போனது, ரீடர் போனது. அதனால் நான் எழுதுகிறது எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். வருஷம் ஒரு முறை பென்டிரைவில் எடுத்து, விதைநெல் கோட்டைக்குப் பக்கத்தில்தான் வைக்கிறேன். எலி ரெண்டையும் தொடாமல் இருக்க வேண்டும்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து அந்தப் பழைய கட்டுரையைத் திருத்தினேன். 'நெற்பயிர் வெங்காயத்தாள் போல் வருகிறதா? அது ஆனைக்கொம்பன்: பேராவூரணி சம்பா வயலில் பார்த்தது' என்று தலைப்பு மாற்றினேன். அழகு இல்லைதான். காலையில் சித்தப்பாவைக் கூப்பிட்டு, மறுபடி கேட்டுப் பாருங்க என்றேன். கேட்டார். இன்னும் வெங்காயம்தான் வருகிறது.

"இரு தம்பி, நாத்து விட்டதும் கதிரா வந்துரும்?" என்று சொல்லிவிட்டு, நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வயலுக்குள் இறங்கினார்.

பத்து நாள் கழித்து மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன். வந்தால் எழுதுகிறேன்.